கொடுத்ததை நினைத்தல்

இன்று காலை நாற்காலி பின்னுகிறவர் நம் சிட்லபாக்கம் தெருவில் குரல் கொடுத்தபடி வந்தார். உங்கள் ஒயர் நாற்காலியை வெளியே எடுத்துப் போட்டேன். நடுவில் தொய்ந்திருந்ததைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதுல குந்துறவரு ஊர்ல இல்லியாம்மா?" என்றார். இல்லை என்று மட்டும் சொன்னேன்.

அதில்தானே அன்று பிடிவாதமாக உட்கார்ந்திருந்தீர்கள். பஸ் ஓட்டிய வலது காலைச் சர்க்கரை கொண்டுபோனது. பிறகு கிட்னியும் போனது. "இனிமே டயாலிசிஸ் வேணாம். உனுக்குப் பாரமா இருந்துகினு எதுக்கு?" என்றீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போக வாசலில் நின்ற ஆட்டோ திரும்பிப் போனது. அழுதேன், கத்தினேன். நீங்கள் அசையவில்லை.

சாயங்காலம், உங்களோடு பல வருடம் கண்டக்டராக ஓடிய சேகர் வந்தார். தாம்பரத்தில் புத்தரை வணங்குகிறவர்கள் கூடும் இடத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தவர். மூச்சைக் கவனிக்கும் தியானம் எல்லோருக்கும் தெரியும். அவர் வேறொன்றைச் சொன்னார். அதன் பெயர் சாகானுஸ்ஸதி.

"நான்தான் சாகப் போறனே, அதுக்கு ஒரு தியானம் வேறயா?" என்றீர்கள்.

"அண்ணே, பாலி பாஷைல சாகம்னா ஈகை. நீ குடுத்தத நீயே நெனச்சுப் பாக்கணும்."

"தம்பட்டம் அடிச்சிக்கச் சொல்றியா?"

"யார்கிட்டயும் சொல்ல வேணாம். உன் கையால நல்லது நடந்துச்சான்னு பாரு, அவ்ளோதான்."

கண்ணை மூடினீர்கள். "ஒண்ணியும் இல்ல."

சேகருக்குக் கோபம் வந்துவிட்டது. "கேம்ப் ரோடு ஸ்டாப்ல கண்ணு தெரியாதவரு ஒருத்தர் நிப்பாரே. டைம் ஆவுதுன்னு நான் கத்துவேன். அவரு ஏறி உக்கார்ற வரைக்கும் நீ வண்டிய எடுக்கவே மாட்டே. அது இன்னா?"

கண்ணைத் திறந்தீர்கள். பிறகு, "மழை நாள்ல கொடைய மடக்க அவருக்கு லேட்டாவும்" என்றீர்கள். மறுநாள் ஆட்டோவுக்குப் போன் போடச் சொன்னது நீங்கள்தான்.

அதன்பின் தினமும் காலையில் அப்படி உட்கார்ந்தீர்கள். என்னையும் உட்காரச் சொன்னீர்கள். எனக்கு எதுவுமே தோன்றவில்லை. சமைத்ததும் துவைத்ததும் ஈகையாகுமா என்று கேட்டேன். "என்னியத் தூக்கித் தூக்கி உக்கார வெக்கிறியே, அது இன்னா?" என்று அதட்டினீர்கள். இரண்டு மழைக்காலம் கூடவே இருந்துவிட்டுப் போனீர்கள்.

பையன் பெங்களூருக்குக் கூப்பிடுகிறான். "தனியா என்னம்மா பண்ணப் போறே?" என்கிறான். வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அதே ஆஸ்பத்திரியில் டயாலிசிஸுக்குத் துணையில்லாமல் வருகிறவர்கள் பக்கத்தில் போய் உட்காரத் தொடங்கியிருக்கிறேன். நேற்று பொழிச்சலூரிலிருந்து வந்த அம்மாள், ஊசி ஏறும்போது என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

இன்று விடிந்ததும் கண்ணை மூடினேன். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. அந்தப் பிடி தானாகவே வந்து நின்றது. நாளைக்கும் போவேன்.