ரப்பர் ஸ்டாம்பில் ஐந்து வருடம்

ஜூன் 9, திங்கள்

காலை எட்டு மணிக்கே வளைகுடா வெயிலில் புஜைரா வெந்துகொண்டிருந்தது. ஆபீஸ் ஏசி மறுபடி ரிப்பேர். என் கணவர் கௌரிக்கு எண்ணெய்க் கிடங்கில் ஷட்டவுன் பராமரிப்பு வேலை; வீட்டுக்குச் சாப்பிட மட்டும் வந்து போகிறார்.

சிவில் ஜட்ஜ் தேர்வுக்கு விண்ணப்பிக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். எல்லாம் நிரப்பிவிட்டேன். ஒரு கட்டம் மட்டும் காலி: மூன்று வருடம் வக்கீலாகத் தொழில் செய்ததற்கான சான்று. நான் மதுரையில் செய்தது பதினான்கு மாதம். பிறகு கல்யாணம், புஜைரா, அனன்யா, இந்தக் கம்பெனியில் ஆட்களின் பேப்பர்களைச் சரிபார்க்கும் வேலை என்று ஐந்து வருடம் ஓடிவிட்டது. பதினான்கை எப்படித் திருப்பிப் போட்டாலும் முப்பத்தாறு ஆகவில்லை. அடுத்த வருடம் வயதும் தாண்டிவிடும்.

ஜூன் 11, புதன்

என் சீனியர் சரோஜா மேடத்துக்குப் போன் செய்தேன். தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னால், "நீ எங்கடி போன? உன் பேரு இன்னும் நம்ம வக்காலத்துலதான இருக்கு" என்கிறார்.

வக்காலத்தில் குத்துகிற ரப்பர் ஸ்டாம்பில் மேடத்தின் பெயருக்குக் கீழே ஜூனியர்களின் பெயர்கள் வரும். நான் போன பிறகு குமாஸ்தா புது ஸ்டாம்ப் செய்யச் சோம்பல்பட்டிருக்கிறார். ஆக, இத்தனை வருடமும் மேடத்தின் ஒவ்வொரு வழக்கிலும் நானும் ஒரு வக்கீல். இங்கே அனன்யாவுக்கு டயப்பர் மாற்றிக்கொண்டே மதுரையில் கேஸ் நடத்தியிருக்கிறேன்.

"தொழில் தெரிஞ்ச பிள்ளை நீ. நாள் கணக்குக்காக விட்டுருவாங்களா? நான் எழுதி அனுப்புறேன், போட்டு விடு."

நானும் சிரித்தேன். அப்படிச் சிரித்ததுதான் இப்போது உறுத்துகிறது.

ஜூன் 13, வெள்ளி

சான்று வந்துவிட்டது. கையெழுத்து, முத்திரை, மேலொப்பம், எல்லாம் பக்கா. 'இடைவிடாது தொழில் செய்து வருகிறார்.' அந்த 'இடைவிடாது' என்ற சொல்லை மட்டும் படிக்காமல் பதிவேற்றினேன்.

ஜூன் 15, ஞாயிறு

கௌரியிடம் சொன்னேன். "எல்லாரும் செய்யறதுதானே பானு" என்றார். அவர் அதைத்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். சொன்ன பிறகும் ஏன் நிம்மதி இல்லை?

ஜூலை 1, செவ்வாய்

இன்று ஒரு திருட்டைப் பிடித்தேன். வைரவன் என்று ஒரு ஹெல்பர், ஒன்றரை வருடமாக எங்களிடம் இருக்கிறார். ரிக்கர் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறார், அதாவது கிரேன் தூக்கும் சுமையைக் கட்டி சைகை காட்டும் வேலை. சவூதியில், ஜுபைலில் ஐந்து வருடம் ரிக்கராக இருந்ததாகச் சான்று வைத்திருந்தார். அங்கே மெயில் போட்டுக் கேட்டேன். இரண்டே வருடம் என்று பதில் வந்தது.

ஒரு பக்கத்துக்குக் குறிப்பு எழுதினேன். 'போலி ஆவணம், நம்பிக்கைக்கு உரியவர் அல்ல.' மேனேஜர் செய்கு முகம்மது சார் படித்துவிட்டு, "ஜட்ஜ்மென்ட் மாதிரில்ல இருக்கு" என்றார். மெயின்ஸில் தீர்ப்பெழுதும் தாள் உண்டு. கை பழகிவருகிறது, சந்தோஷம்.

ஜூலை 3, வியாழன்

வைரவன் வந்தார். சிவகங்கைப் பக்கம், நாற்பது வயது இருக்கும். ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"வேலை எனக்குத் தெரியும் மேடம். சைட்ல யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க. தேதி மட்டுந்தான் பொய்."

"தேதிதாங்க எல்லாமே" என்றேன்.

நான்தான் சொன்னேன். என் வாயால்.

"சரிங்க மேடம். உங்க டூட்டி, நீங்க பாக்கணும்ல" என்று எனக்குச் சமாதானம் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் கதவைச் சாத்தின பிறகுதான் உறைச்சுது. ச்சீ, என்ன பொம்பளை நான்! எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அதைச் சொன்னேன்? பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவினேன். கண்ணாடியைப் பார்க்கவில்லை.

ஜூலை 7, திங்கள்

முடிவு இன்னும் ஆகவில்லை. குறிப்பை மாற்றி எழுதலாம். 'வேலையைச் செய்யச் சொல்லிப் பாருங்கள். தேறாவிட்டால் ஹெல்பராகவே இருக்கட்டும்.' இரண்டு வரி போதும். செய்கு சார் அறை வரை போனேன். ஏன் திடீரென்று இரக்கம் என்று கேட்டால்? தோண்டித் துருவினால்? என்ன வேணும் என்று நிமிர்ந்தார். ஆகஸ்ட் லீவு விண்ணப்பத்தை நீட்டினேன், ப்ரிலிம்ஸ் எழுதப் போக.

ஜூலை 10, வியாழன்

வைரவனின் விசா கேன்சல் ஆகிவிட்டது. சனிக்கிழமை ஊருக்கு அனுப்புகிறார்கள். "கலாஸ், முடிஞ்சுது" என்று பைலை மூடினார் விசா வேலைகளைப் பார்க்கும் பி.ஆர்.ஓ.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

சென்னை. ப்ரிலிம்ஸ் எழுதினேன். சுலபம்.

அக்டோபர் 18, சனி

மெயின்ஸ். ஒரு கேள்வி: பொய்யான ஆவணத்தை, பொய் என்று தெரிந்தே உண்மையானதாகப் பயன்படுத்துவதை விளக்குக. பத்து மதிப்பெண். இரண்டரைப் பக்கம் எழுதினேன். ஒரு பிரிவு விடவில்லை, ஒரு அடித்தல் இல்லை. பத்துக்கு ஒன்பதாவது கொடுப்பார்கள்.

ஜனவரி 19, திங்கள்

தேறிவிட்டேன். பிப்ரவரி 2 அசல் சான்றிதழ் சரிபார்ப்பு, மறுநாள் நேர்முகம். செய்தி எப்படியோ பரவி, தெரிந்த குடும்பங்கள் எல்லாம் ஸ்வீட் பாக்ஸோடு வந்துவிட்டார்கள். எல்லார் வாயிலும் ஜட்ஜம்மா, ஜட்ஜம்மா. அனன்யா ஸ்கூலில் எல்லாரிடமும் "மை மம்மி இஸ் எ ஜட்ஜ்" என்று சொல்லியிருக்கிறாள். "இன்னும் இல்லடி" என்றால், "ஒய் நாட்?" என்கிறாள். காபி போடும் சாக்கில் சமையலறையில் நின்றுகொண்டேன்.

ஜனவரி 22, வியாழன்

வைரவன் வாட்ஸப்பில் கூப்பிட்டார். மூன்று தடவை அடிக்க விட்டுத்தான் எடுத்தேன்.

"நல்லா இருக்கீங்களா மேடம்? ஜட்ஜாகப் போறீங்களாம்ல, கேம்ப்ல பயலுக சொன்னாங்க. ரொம்பச் சந்தோசம்." குரலில் குத்தல் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. இருந்திருக்கலாம்.

தோஹா தொழில்பேட்டையில் ஒரு வேலை கிடைக்கும்போல இருக்கிறதாம். "உங்க கம்பெனில ஒன்றரை வருசம் இருந்ததுக்கு ஒரு சர்டிபிகேட் கெடைக்குமா? ஹெல்பர்னே போடுங்க. உள்ள தேதியே போதும் மேடம். ஒரு நாள்கூடக் கூட்ட வேணாம். பட்டது போதும்."

வாங்கித் தருகிறேன் என்றேன். பிறகு எங்கள் ஷிப்பிங் கிளார்க் வந்து ஏன் அழுகிறீர்கள் என்று கேட்டாள். தூசி என்றேன்.

ஜனவரி 26, திங்கள்

"போலின்னு எழுதி அனுப்பி வச்ச ஆளுக்கு நாமளே சர்டிபிகேட்டா? எழுதினது நீங்கதானம்மா" என்றார் செய்கு சார்.

"வேலை பார்த்தது நிஜம்தானே சார்."

ஜூலையில் பேசியிருக்க வேண்டிய பேச்சு. அன்று பேசியிருந்தால் அந்த மனிதர் ஊருக்கே போயிருக்க மாட்டார். செய்கு சார் கையெழுத்துப் போட்டார். சேர்ந்த தேதி, விலகிய தேதி. நான்கு வரிச் சான்று. என்னுடையதைவிட நல்ல சான்று.

ஜனவரி 28, புதன்

சரிபார்ப்புக்குப் போகப்போவதில்லை என்று சரோஜா மேடத்திடம் சொன்னேன்.

"உனக்கு மட்டுந்தான் மனசாட்சியா? அப்ப கையெழுத்துப் போட்ட நான் யாருடி?" போனை வைத்துவிட்டார். காரணத்தைச் சென்னைக்கு எழுதினால் அவரும் மாட்டுவார், அதனால் எழுதவில்லை. போகாமல் இருக்கப்போகிறேன், அவ்வளவுதான். அரைகுறை நேர்மை. அதையும் நேர்மை என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது.

கௌரி டிக்கெட்டைக் கேன்சல் செய்தார். "ஏழு மாசம் படிச்சியே" என்று மட்டும் கேட்டார்.

பிப்ரவரி 2, திங்கள்

காலையில் சென்னையில் என் எண்ணைக் கூப்பிட்டிருப்பார்கள். இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டு அடுத்த ஆளுக்குப் போயிருப்பார்கள். நான் இங்கே புதிதாக வந்த வெல்டர்களின் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் அப்பா மதுரையிலிருந்து கூப்பிட்டார். போன காரியம் முடிந்ததா, நாளைக்கு எத்தனை மணிக்கு இன்டர்வியூ என்று கேட்டார். புஜைராவில்தான் இருக்கிறேன் என்றேன். ஸ்டாம்பு, சான்று, வைரவன், எல்லாவற்றையும் சொன்னேன்.

"செஞ்சது சரிதாம்மா" என்றார். பிறகு, "தெருவுல எல்லார்ட்டயும் சொல்லிட்டனே. இப்ப என்னன்னு சொல்றது?"

"தேறலைன்னு சொல்லிருங்கப்பா" என்றேன். யோசிக்கவே இல்லை, தானாக வந்தது.

"சரிம்மா, அப்படியே சொல்லிர்றேன்" என்றார். இந்நேரம் ஒவ்வொருத்தரிடமாகச் சொல்லிக்கொண்டிருப்பார்.