மணமாகாதவர் என்று சொன்னது நான்தான்

ஐப்பசி 12, புதன்

விடியலிலிருந்து தூறல். உளுந்து காயவில்லை. சுகர் மாத்திரை போட்டாயிற்று. கேப்பைக் கூழ், வெங்காயம்.

பத்து மணிக்குச் சுகந்தினி வந்தாள். செத்துப்போன என் சின்ன மகன் ஏழுமலையின் பெண்சாதி. இந்த நோட்டில் பெண்சாதி என்ற வார்த்தையை எழுதுவது இதுதான் முதல் தடவை. ஏழு வயதில் சிலோனிலிருந்து படகில் வந்தவள். அகதி முகாமில் வளர்ந்தவள். படியேறவில்லை. நானும் ஏறச் சொல்லவில்லை. முருங்கை மரத்தடியில் நனைந்துகொண்டு நின்றாள்.

கடைசியாக வந்தது ஏழுமலையின் கருமாதிக்கு. ஏழு வருஷம், மூன்று மாதம். ஊதாப் புடவை, இடுப்பில் பிள்ளை. அன்றைக்கும் கதவைச் சாத்தினேன்.

இப்போது கையில் போலீஸ் நோட்டீஸ். வெளிநாட்டுக்காரர் சட்டத்தை இறுக்கிவிட்டார்களாம். கல்யாணம் ஆகி வெளியே வந்ததால் முகாம் கணக்கில் இவள் பெயர் இல்லை. அனுமதி இல்லாமல் திண்டிவனத்தில் எப்படி இருக்கிறாய் என்று கேள்வி. புருஷன் இந்த நாட்டுக்காரன் என்று காட்ட வேண்டும். ஐப்பசி 21-க்குள். இல்லாவிட்டால் கூட்டிப்போய் அடைப்பார்கள், பிறகு திருப்பி அனுப்புவார்கள். பிள்ளை தாரணிக்கு ஒன்பது வயது. திண்டிவனம் ஆஸ்பத்திரியில் பிறந்தவள்தான். அவளையும் இந்த நாட்டுப் பிள்ளை என்று ஒப்புக்கொள்ள மாட்டார்களாம்.

பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் ஏழுமலை. ஆனால் அதை வெட்டுவதற்கு இன்னொரு காகிதம் இருக்கிறது. ஏழுமலையின் வாரிசு சான்றிதழ். இறந்தவர் மணமாகாதவர், ஒரே வாரிசு தாய். மனுவின் கீழே என் கையெழுத்து.

"உங்கட காணி எனக்கு வேண்டாம் மாமி. அவர் என்னைக் கட்டினவர் எண்டு ஒரு சொல் சொல்லுங்கோ. வேற ஒண்டும் கேக்கேல்லை."

மாமியாம். இந்தப் பக்கம் அத்தை என்பார்கள். இத்தனை வருஷத்தில் அதைக்கூடக் கற்றுக்கொள்ளவில்லை.

உள்ளே வந்துவிட்டேன்.

ஐப்பசி 13, வியாழன்

மழை இல்லை. மாத்திரை மறக்கவில்லை. நான் எதையும் மறப்பதில்லை.

வாரிசு சான்றிதழுக்காகப் போன நாள் ஆவணி, செவ்வாய். கிராம அதிகாரி தலையைத் தூக்காமலே கேட்டார், பையனுக்குக் கல்யாணம் ஆயிற்றா என்று. பெரியவன் முருகன் பக்கத்தில் நின்றான். இல்லை என்று சொன்னது நான். நிலம் போய்விடும் என்று முருகன் வழியெல்லாம் ஓதியது உண்மை. நான் நிலத்துக்காகச் சொல்லவில்லை. என்னைக் கேட்காமல் தாலி கட்டினானே, அதற்காகச் சொன்னேன்.

ஏழுமலை செய்ததில் நான் இன்னும் மன்னிக்காதவை:
சொல்லாமல் கல்யாணம்.
என் நாத்தனாருக்கு மட்டும் முன்பே சொன்னது.
நான் வெளியே நிறுத்திய பிறகு ஒரு தடவைகூடச் சண்டைக்கு வராதது.
பைபாஸில் அந்த லாரிக்கு முன்னால் போனது.

மத்தியானம் முருகன் போன். யாரோ சொல்லிவிட்டார்கள். "நீ எதுலயும் கையெழுத்துப் போட்டுக்கினு நிக்காத. பொய் சொன்னதுக்கு உன்னியே உள்ள போடுவாங்க. நெலமும் பேஜாராயிடும்." சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. போன மாதமும் கேட்கவில்லை.

ஐப்பசி 15, சனி

வெயில். மாத்திரை வாங்கப் போவதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு திண்டிவனம் பஸ்.

சுகந்தினி ஒரு தையல் கடையில் தைக்கிறாள். கடைக்குப் பின்னால் ஒரே அறை, வாடகைக்கு. குழாயடியில் வீட்டுக்காரம்மா பிடித்துக்கொண்டாள். "போலீசு வந்துகினு போய்க்கினு இருந்தா நாலு பேரு என்னா பேசுவாங்க? மாசக் கடைசில காலி பண்ணச் சொல்லிட்டேன். நீங்க யாருங்க அவங்களுக்கு?"

பையைக் கீழே வைத்தேன்.

"என் மருமவ. என் புள்ள தாலி கட்டுனவ. எந்தச் சட்டத்துல காலி பண்ணச் சொல்ற?"

சட்டம் எனக்கு என்ன தெரியும். அவளுக்கும் தெரியவில்லை போல, குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

தாரணி வாசலில் கணக்கு போட்டுக்கொண்டிருந்தாள். "அம்மா கடைல கீறாங்க. ஜாக்கெட் தைக்கவா பாட்டி?"

மூக்கு, காது, நடை எல்லாவற்றிலும் ஏழுமலையைத் தேடினேன். ஒன்றுகூட இல்லை. அப்படியே அம்மா. ஆமாம், ஜாக்கெட்தான் என்று சொல்லிவிட்டேன்.

கடையில் சுகந்தினியிடம்: திங்கட்கிழமை விழுப்புரம், ஏழு மணி பஸ். அவள் மிஷினை நிறுத்தவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

மாத்திரை வாங்க மறந்து, பாதி வழியில் இறங்கித் திரும்பினேன். மறதி இல்லை. கவனம் வேறு எங்கோ.

ஐப்பசி 17, திங்கள்

விழுப்புரம் கலெக்டர் ஆபீஸ், மனு நாள். வாசலில் பையைத் துழாவுகிறார்கள். மண்ணெண்ணெய் கொண்டுவந்து ஊற்றிக்கொள்கிறவர்கள் உண்டாம். பெண் போலீஸ் என் தண்ணீர் பாட்டிலை மோந்து பார்த்து, குடித்துக் காட்டச் சொன்னாள். குடித்தேன்.

மனு எழுதுகிறவர், பொருள் என்ன என்றார். என் பொய் என்றேன். அப்படி எழுத முடியாதும்மா என்று 'சான்றிதழ் திருத்தம் கோருதல்' என்று எழுதினார்.

மூன்று மணி நேரம் வரிசை. முன்னால் நின்ற ஆள்: "நாலாவது தபா வர்றேன். எனக்கு இங்கயே ரேஷன் கார்டு குடுத்துடலாம்." சுகந்தினி சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

மனு திண்டிவனம் தாசில்தாருக்குப் போகிறது. வியாழன் நேரில்.

திரும்பும்போது பக்கத்துப் பக்கத்து சீட்டு.

வீட்டில் ஒரு டம்ளர் அரிசி அதிகமாகப் போட்டுவிட்டேன். எதற்கென்று தெரியவில்லை. மீதியில் தண்ணீர் ஊற்றினேன்.

ஐப்பசி 20, வியாழன்

கனமழை. புடவை முழங்கால் வரை நனைந்தது.

தாசில்தார் சின்ன வயசு. தன்மையாகப் பேசினார். "வயசாயிடுச்சு, துக்கத்துல மறந்துபோய் சொல்லிட்டேன்னு எழுதிக்கலாம் பாட்டி. உங்களுக்கும் தொந்தரவு இல்ல."

சுகந்தினி என் முழங்கையைத் தொட்டாள். "ஓமெண்டு சொல்லுங்கோ மாமி."

யோசித்தேன். மறதிக்காரி என்று கையெழுத்துப் போட்டால் நாளைக்கு முருகன் அதையே தூக்கிக்கொண்டு வருவான். அன்றைக்கு மறந்தவள் இன்றைக்குச் சொல்வது மட்டும் எப்படிச் சரி என்பான்.

"எனக்கு எதுவும் மறக்கலீங்க. தெரிஞ்சேதான் பொய் சொன்னேன். அப்டியே எழுதிக்குங்க."

என்மேல் நடவடிக்கை வரலாம் என்றார். வரட்டும் என்றேன். கல்யாணத்துக்கு நீங்கள் போகவில்லை, கோயில் ரசீதும் இல்லை, பிறகு எப்படித் தெரியும் என்று கேட்டார்.

சொன்னேன். பத்து வருஷத்துக்கு முந்தைய வைகாசி, வளர்பிறை, வெள்ளிக்கிழமை, காலை ஒன்பதே கால், என் வாசலில். ஒலக்கூர் பஸ் அப்போதுதான் போனது. இரண்டு பேர் கழுத்திலும் சம்பங்கி மாலை, அவனுடையது ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. இவள் கழுத்தில் புதுத் தாலிக்கயிறு, மஞ்சள் ஈரம் ஜாக்கெட்டில் இறங்கியிருந்தது. "அம்மா, ஆரத்தி எடும்மா" என்றான். நான் எடுக்கவில்லை. கதவைச் சாத்தினேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பதினோரு மணி வரை நின்றார்கள். மாலையைக் கழற்றவில்லை.

எழுத்தர் நடுவில் நிறுத்தி, சம்பங்கியா என்று கேட்டார். சம்பங்கிதான். வாக்குமூலம் எழுதி முடிக்க நாலு பக்கம் ஆயிற்று.

எதிர்வீட்டு முனியம்மாளும் பார்த்தாள், அவளைக் கேளுங்கள் என்றேன். அவளோடு எனக்கு ஆறு வருஷமாகப் பேச்சில்லை. எனக்காகப் பொய் சொல்ல மாட்டாள்.

ஐப்பசி 21, வெள்ளி

மழை விட்டது. காலையில் முனியம்மாள் தாலுகா ஆபீஸ் போய் உள்ளதைச் சொல்லிவிட்டாளாம். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

வாக்குமூல நகலோடு காவல் நிலையத்தில் பதில் கொடுத்தாயிற்று. விசாரணை முடிகிறவரை அவளைக் கூட்டிப்போக மாட்டார்கள். முடிந்த பிறகு என்ன என்று யாரும் சொல்லவில்லை. பிள்ளை விஷயம் தனியாகக் கோர்ட்டுக்குப் போக வேண்டும்.

முருகன் பைக்கை நிறுத்தாமலே வாசலில் சொல்லிவிட்டுப் போனான்: "பெரியவனும் செத்துட்டான்னு நெனச்சிக்க."

அதற்கு முன்னால், காவல் நிலையத்துக்கு வெளியே சுகந்தினியிடம் கேட்டேன். ரெண்டு ரூம்பு சும்மாதான் கெடக்குது, புள்ளய இட்டுகினு வந்துடு என்று.

அவள் கோபமாகச் சொல்லவில்லை. "நீங்கள் செய்தது பெரிய உதவி மாமி. அந்த வீட்டுக்கு மட்டும் வரமாட்டன். கருமாதி அண்டைக்குப் பின்வாசலுக்கு வந்து பிள்ளைக்குத் தண்ணி கேட்டனான். நீங்கள்தான் நிண்டனீங்கள். இல்லை எண்டு சொன்னனீங்கள்."

பஸ்ஸில் யோசித்தேன். வீட்டுக்கு வந்தும் யோசிக்கிறேன். அன்றைக்கு வந்தவர்கள், சமைத்தது, யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதெல்லாம் வரிசையாக வருகிறது.

அவள் தண்ணீர் கேட்டது வரவில்லை.