எதிர்க்கடையில் தலையைக் கொடுத்தேன்

மார்ச் 3

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம், கடைதான் நலமில்லை. மகளின் குழந்தையைப் பார்க்கப் போன இடத்தில் ஐந்து மாதமாக நன்றாகச் சதை போட்டிருக்கிறீர்கள் என்று கேள்வி. இங்கே நம் பார்லருக்கு எதிரே ஒரு கண்ணாடி மாளிகை முளைத்திருக்கிறது. ஆறு நாற்காலி, ஏசி, போனிலேயே நேரம் குறித்துக்கொள்ளலாம். பதினோரு வருடமாக நம்மிடம் முடி வெட்டிக்கொள்ளும் டீச்சரம்மா நேற்று குடையால் முகத்தை மறைத்துக்கொண்டு அங்கே நுழைந்தார். மழையும் இல்லை, வெயிலும் இல்லை. நான் விடுவேனா? "டீச்சர், குடை நல்லாருக்கு!" என்று கத்தினேன்.

வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா, சாவியைக் கொடுப்பதா என்று மாதக் கடைசிக்குள் கட்டிட உரிமையாளருக்குச் சொல்ல வேண்டும். பாதிக் கடை உங்களுடையது. முதலில் எதிரியின் பலத்தைப் பார்க்கிறேன். நானே அங்கே முடி வெட்டிக்கொள்ளப் போகிறேன்.

உங்கள் நாத்தனார்

மார்ச் 9

என் வாயாடிக்கு,

போ. ஆனால் வாயைத் திறக்காதே. திறந்தால் காரியம் கெட்டது. வெட்டுகிறவள் கையைப் பார். முடிக்குப் போடும் கலரை எப்படிக் கலக்குகிறார்கள் என்று பார். நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்றே எழுது. மகள் அடுத்த வாரம் வேலைக்குத் திரும்புகிறாள். நான் வருவதா, இங்கேயே இருப்பதா என்று தெரியாமல் தவிக்கிறேன்.

அண்ணி

மார்ச் 15

அண்ணி,

மாட்டிக்கொண்டேன். சத்தியமாக வாயைத் திறக்கவில்லை! கத்தரி பக்கத்தில் வருவதற்குள் நாம் வெட்டும்போது பிடிக்கிற பழக்கத்தில் என் விரல் தானாகப் போய்க் காதை மடித்துப் பிடித்துக்கொண்டது. வெட்டிய பெண் சிரித்துவிட்டாள்.

"அக்கா, நீங்க எந்தக் கடை?"

"எதிர்க்கடைதான், கண்ணு."

"அப்ப பின்பக்கம் சரியா வந்திருக்கான்னு பார்த்துச் சொல்லுங்க."

எப்பேர்ப்பட்ட பெண்! என்னைவிட நன்றாக வெட்டுகிறாள். எழுதும்போதே வயிறு எரிகிறது, ஆனாலும் உண்மை. கழுத்தில் ஒரு முடிகூட ஒட்டவில்லை.

கலர்தான் அவர்களுக்கு வரவில்லை. அட்டையில் நம்பரைப் பார்த்துக் கலக்குகிறார்கள். நீங்கள் ஆளை வாசல் வெளிச்சத்தில் நிறுத்தி, புருவத்தின் நிறத்தைப் பார்த்துக் கலக்குவீர்களே, அது அங்கே ஒருத்திக்கும் தெரியாது. சேர்ந்து கடை நடத்திய பதினான்கு வருடத்தில் உங்களை நான் புகழ்வது இதுதான் முதல் தடவை. கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள்.

நீங்கள் வந்தால் கடை நிற்கும். வராவிட்டால் நிற்காது. நமக்குப் போட்டி கண்ணாடிக் கடை இல்லை அண்ணி, உங்களிடம் இருக்கிற அந்தப் பொடிசுதான்.

என்னை அங்கே வேலைக்குக்கூடக் கூப்பிட்டார்கள். சிரித்து மழுப்பிவிட்டேன்.

நாத்தனார்

மார்ச் 22

என் கண்ணுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். "ஏம்மா அழறே?" என்று மகள் கேட்டாள். "உங்க அத்தை என்னைப் புகழ்ந்துட்டாடி, உலகம் அழியப் போகுது" என்றேன்.

நான் வரவில்லை. நாள் முழுக்க இந்தப் பொடிசை யாரிடம் விடுவது? சாவியைக் கொடுத்துவிடு. தனியாளாக நின்று முழங்காலைக் கெடுத்துக்கொள்ளாதே. வேலை தெரியாதவளையா கூப்பிடுவார்கள்? எதிர்க்கடை வேலைக்கே போ. எதிரி என்று பார்க்கப் போய், அந்தப் பெண்ணின் கையை வாயாரப் புகழ்ந்து எழுதினாயே, அந்த மனசு எனக்கு வராது. புருவம் பார்த்துக் கலர் கலப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நீ. அங்கே போய்ச் செய். யார் சொல்லித் தந்தது என்று கேட்டால் மட்டும் என்னைச் சொல்.

உன் போட்டிக்காரி என் வலது தோளில் தூங்குகிறாள். எழுந்துவிடக் கூடாதென்று இடது கையால் எழுதுகிறேன். எழுத்து எப்படிக் கோணலாகப் போகிறது பார். கிண்டல் செய்து ஒரு கடிதம் போடு.

அண்ணி