யோவேலின் காதில் கடுகு

அன்புள்ள அம்மாவுக்கு ஸ்தோத்திரம். முழங்கால் வலி தேவலையா? மட்டாஞ்சேரியில் நாங்கள் நால்வரும் கர்த்தர் கிருபையால் சுகம்.

நேற்று வீட்டிலேயே நான் நடத்தும் பாடத்தில் கடுகளவு விசுவாசத்தைப் பற்றிச் சொல்லி, பிள்ளைகளைத் தொட்டியில் கடுகு விதைக்க வைத்தேன். சின்னவன் யோவேல் ஒன்றைக் காதுக்குள் தள்ளிவிட்டான். "விசுவாசம் காது வழியாத்தான் வரும்னு நீதானே சொன்ன?" என்று அழுகிறான். அவர் துறைமுக வேலைக்குப் போயிருந்தார். பதற்றத்தில் நான் தண்ணீர் ஊற்றப் போக, பக்கத்து வீட்டு பிந்து கையைப் பிடித்தாள். "வேண்டா சேச்சி, கடுகு ஊறி வீங்கிரும்! ஆட்டோ பிடிக்கலாம்."

வழியெல்லாம் எனக்கு ஜெபிக்கவே வார்த்தை வரவில்லை. டாக்டர் கடுகை எடுத்ததும், "நான் பேசுறது கேக்குதாடா?" என்றேன். "கத்தாதம்மா" என்றான்.

அப்பாவிடம் சொல்ல வேண்டாம். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர் என்பார். கிறிஸ்துமஸ் நாடகத்தில் யோவேலின் மேய்ப்பன் வேடத்துக்கு உங்கள் பழைய சேலை ஒன்று வேண்டும். துவைக்க வேண்டாம், உடுத்திக் களைந்ததை அப்படியே அனுப்புங்கள். அடுப்பில் சோறு பொங்குகிறது.

உங்கள் மகள்
ஜெமீமா