ஜாங்கிரியின் பட்டியலில் விட்டுப்போன வரி

பசுமலை,
வியாழன் காலை

மகளாக வளர்ந்த மருமகள் ஐரினுக்கு மாமா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் உன் அத்தையும் சுகம், உன் பூனை ஜாங்கிரியும் சுகம், என் மூக்கு ஒன்றுதான் சுகமில்லை. டப்ளின் குளிரில் காதை மூடிக்கொண்டு போகிறாயா என்று அத்தை கேட்கச் சொன்னாள். போனில் பேசினால் நீ சிரித்தே என்னைக் கவிழ்த்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

நீ கே.கே. நகர் வீட்டைக் காலி பண்ணி, ஜாங்கிரியை எங்களிடம் ஒப்படைத்துவிட்டுப் பிளேன் ஏறினாயே, அன்றிலிருந்து இரண்டு நாள் அது தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை. பாக்கெட் தீனி ஆகாது, வீட்டில் சமைத்துத்தான் போடணும் என்று நீயும் டாக்டரும் எழுதிய பட்டியல் பிரிட்ஜ் கதவில் தொங்குகிறது, பதினான்கு வரி, மோசேக்கு மலையில் கிடைத்த பத்துக் கட்டளையைவிட நாலு கூடுதல். அத்தை அதன்படிதான் சமைத்தாள், அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டாக்டருக்குப் போன் போட்டால், பூனை நம்மள மாதிரி இல்ல சார், இன்னும் பட்டினி கிடந்தா ஈரல் கெட்டு உசுருக்கே ஆபத்து என்றார். உன் அத்தை அழ ஆரம்பித்துவிட்டாள், பிள்ளைக்கு என்ன பதில் சொல்வேன் என்று. ஆகவே பசுமலைச் சமையல் சக்கரவர்த்தியாகிய நானே கரண்டி எடுத்தேன்.

கறிக்கடை பரீத் பாய், என்னண்ணே ஈரலா இம்புட்டு வாங்குறீக, வீட்ல யாருக்கும் ரத்தம் கம்மியா என்றார். பூனைக்கு என்று சொன்னதற்குச் சிரித்த சிரிப்பு மேலூர் வரை கேட்டிருக்கும். கோழித் தொடை, ஈரல், மஞ்சள் பூசணி, எல்லாம் உப்பில்லாமல் வேகவைத்து, நாங்கள் சட்னி அரைக்கிற அதே மிக்ஸியில், ஐயோ ஐரின், அரைத்தேன். நிறம் மழைக்காலத்து பஸ் ஸ்டாண்டுச் சேறு. நாற்றத்துக்குத் திருப்பரங்குன்றம் மலையே அரை அடி தள்ளி உட்கார்ந்தது. அதைக் கொண்டுபோய் வைத்தால் உன் ஜாங்கிரி மோந்து பார்த்துவிட்டு, தட்டைச் சுற்றித் தரையைப் பறண்டுகிறது, தன் பீயை மண் போட்டு மூடுமே, அதே மாதிரி! கலியாண வீட்டு அண்டாவுக்கே ருசி சொன்னவன் நான், எனக்கு அந்த மரியாதை.

மதுரைக்காரன் ரோசம் வந்துவிட்டது. மறுபடி ஒரு சட்டி ஏற்றி நாலு சின்ன வெங்காயமும் கொஞ்சம் மிளகும் தட்டிப் போட்டேன். ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், தட்டில் போடுகிற நேரம் அத்தை ஓடிவந்து பிடுங்கினாள், ஒன்பதாவது வரியப் படிச்சீகளா, வெங்காயம் பூனைக்கு விஷம் என்று கத்தினாள். சட்டியைக் கொட்டிக் கழுவி, மூன்றாவது தடவை பட்டியல்படி மட்டும் சமைத்தேன். நாற்பது வருசப் பழக்கம், கை தானாகக் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோய்விட்டது, உப்புப் பார்க்க. ஈரக் கோணியை மென்ற மாதிரி இருந்தது, தொண்டைக்குள் இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தது, கண்ணில் தண்ணீர். அந்த நேரம் பார்த்து ஜாங்கிரி அலமாரிக்கு அடியிலிருந்து வந்து என் முகத்தையே பார்த்தது. நான் விழுங்கினேன். அது தட்டில் தலையை விட்டு வழித்து நக்கிவிட்டது.

அன்றிலிருந்து பதினோரு நாள், வேளைக்கு ஒரு கரண்டி முதலில் நான் தின்றால்தான் அது தின்னும். துப்பினால் கண்டுபிடித்துவிடுகிறது. அது இரண்டு சுற்றுப் பெருத்துவிட்டது, எனக்கு இட்லியைக் கண்டாலே ஈரல் வாடை அடிக்கிறது. ஆனால் மகளே, யோசித்துப் பார்த்தேன். இந்தப் பழக்கத்தை அதற்கு நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அப்படியென்றால் நாலு வருசமாக கே.கே. நகரில் அந்தக் கரண்டி யார் வாய்க்குள் போனது? பதினைந்தாவது வரியை ஏன் எழுதாமல் போனாய்? சீ, சீ, என் வீட்டில் வளர்ந்த பிள்ளை!

ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. வேளைக்குச் சாப்பிடு, மனுசச் சாப்பாடு. கிறிஸ்துமசுக்கு டிக்கெட் போட மறக்காதே, அதுவரைக்கும் உன் பங்கை நானே தின்றுகொண்டிருக்கிறேன்.

உன் மாமா
சத்தியசீலன்