நனைத்த கயிற்றில் போடும் முடிச்சு

இத்தா,

அக்காவை இங்கே அப்படித்தானே அழைக்கிறார்கள், நானும் பழகிவிட்டேன். இன்று இரும்பு அலமாரியைத் திறந்ததும் கிராம்பு வாசனை முகத்தில் அடித்தது. தேசியக் கொடியில் பூச்சி விழாமல் இருக்க, கீழே மசாலாக் கிடங்கில் ஒரு பிடி கிராம்பு வாங்கித் துணியில் முடிந்து வைப்பீர்கள். பாச்சை உருண்டை என்றாலே உங்களுக்கு ஆகாது. "நாட்டோட கொடி கக்கூஸ் மாதிரியா நாறணும்?" என்பீர்கள். அந்த முடிப்பும் அலமாரிச் சாவியும் இப்போது என்னிடம். அதுதான் எனக்கு ஆத்திரம்.

மட்டாஞ்சேரியின் இந்த மாடித் தமிழ்ப் பள்ளிக்கு நான் ஒரு வருடம் என்றுதான் வந்தேன். கணவருக்குக் கோவையில் வேலை கிடைத்ததும், போகிறேன் என்று வந்து நின்றேன். கரும்பலகையில் மயில் வரைந்துகொண்டிருந்த நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஆகஸ்ட் கழியட்டே மோளே, பின்னே போலாம்" என்றீர்கள். ஆகஸ்ட் கழிந்தது. ஓணமும் கழிந்தது. பிறகு நீங்களே ஒரேயடியாகப் போய்விட்டீர்கள். தமிழ் தெரிந்த இன்னொரு டீச்சர் கிடைக்கட்டும் என்று நான் சுள்ளிக்கல் வாடகை அறையிலேயே கிடக்கிறேன். "எப்ப வர்ற?" என்று கணவர் கேட்பதும் குறைந்துவிட்டது.

போன வாரம் தேசியச் சின்னங்கள் நடத்தினேன். புலி, மயில், தாமரை வரைக்கும் ஒழுங்காகப் போயிற்று. தேசிய மீன் மத்திதான் என்று பாதி வகுப்பு சண்டைக்கு வந்தது. நடுவில் சஃபா எழுந்து, "சுதந்திரம்னா என்னா டீச்சரே?" என்றாள். நீங்கள் சொல்வதையே சொன்னேன்: "ஆர்ட்டயும் கேக்காம வீட்டுக்குப் போறது." பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்று ஆகஸ்ட் பதினைந்து, காலையிலேயே மழை. நேற்றே பூவிதழ்களை வைத்துக் கொடியை மடித்து, காய்ந்த கயிற்றில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தேன். மேலே ஏற்றி இழுத்தால் அவிழவில்லை. கம்பத்தின் உச்சியில் பொட்டலமாக நிற்கிறது. பிள்ளைகள் நெற்றியில் வைத்த கையை எடுக்காமல் அண்ணாந்து பார்க்கிறார்கள்.

"கொடி குடுங்கிப் போச்சா டீச்சரே?" என்றாள் சஃபா.

மாட்டிக்கொண்டால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அப்போதுதான் உங்கள் குரல் ஞாபகம் வந்தது. "உணங்கின கயிறு மழையில முறுகும். நனைச்சிட்டுக் கெட்டு." கொடியை இறக்கினேன். கயிற்றை வாளித் தண்ணீரில் முக்கி, மறுபடி கட்டி ஏற்றினேன். ஒரே இழுப்பு. இதழ்கள் பிள்ளைகளின் தலையில் கொட்டின.

மிட்டாய் கொடுத்து முடித்ததும் சஃபாவின் உம்மா பக்கத்தில் வந்தாள். "அந்தக் கயித்துக் கெட்டு எனக்கும் சொல்லித் தாங்க. டீச்சர் ட்ரெயினிங் முடிச்சிட்டு வீட்ல சும்மாதான் இருக்கேன். தமிழும் எழுதுவேன்."

இத்தனை நாள் நான் காத்திருந்த ஆள், இத்தா. கயிற்றை நீட்டினால் போதும், சாவியையும் கொடுத்துவிட்டுக் கோவைக்கு ரயில் ஏறலாம். அவள் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். ஈரக் கயிற்றை என் விரல்கள் விடவில்லை.

"ஆகஸ்ட் கழியட்டே மோளே" என்றேன்.