கப்பல் சம்பந்தி

மார்ச் 3, செவ்வாய்

துணிக்கடைக் கட்டிடத்து லிஃப்ட் இன்றைக்கும் மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே மூன்று பேர். ஒரு அம்மாள் கதவை உதைத்துக்கொண்டிருந்தார். வழக்கம்போல வெளியே நின்று சொன்னேன்: "கதவைத் தள்ளாதீங்கம்மா. காத்து வந்துகிட்டேதான் இருக்கு. நான் இங்கயேதான் நிக்கிறேன், எங்கயும் போக மாட்டேன்." பதினாலு நிமிஷம் ஆனது. வெளியே வந்ததும் என்னைத்தான் திட்டினார். இருபத்தாறு வருஷமாக இதைப் பார்க்கிறேன், மாட்டிக்கொண்டவர்கள் முதலில் திட்டுவது திறந்துவிட்டவனைத்தான்.

கை கழுவிவிட்டுப் போனைப் பார்த்தால் குழுவில் நாற்பத்து மூன்று செய்திகள். கப்பல் வேலைக்குப் போன பிள்ளைகளைப் பெற்றவர்கள் நூற்று அறுபது பேர் இருக்கிற குழு அது. நான்தான் அட்மின். ஒருவருடைய பெண் முதல்முறையாகக் கப்பலேறியிருக்கிறாள், மூன்று நாளாகப் பேச்சில்லை, மனுஷன் அழுகிறார். மாடிப்படியில் உட்கார்ந்து ஒரு வாய்ஸ் அனுப்பினேன்: "கடல்ல சிக்னல் இல்லாம போறது சகஜம் சார். நம்ம பிள்ளைங்க நம்மள விடத் தைரியசாலிங்க." இருபது பேர் கும்பிடு போட்டார்கள். அங்கே எனக்குப் பெயரே 'தைரியம் சார்'.

வீட்டுக்கு வந்தேன். தைரியம் சாரின் மகன் பின் அறையில் திரையை இழுத்துவிட்டுப் படுத்திருக்கிறான். பாதி ஒப்பந்தத்தில் கப்பலை விட்டு வந்து பதினோரு நாள் ஆகிறது. குழுவில் ஒருவருக்கும் தெரியாது.

மார்ச் 5, வியாழன்

அவன் வந்த அன்றைக்கு நடந்ததை எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் நாளைக்கு எனக்குச் சாதகமாக மாற்றி நினைத்துக்கொள்வேன்.

கதவைத் திறந்தது அவன் அம்மா. பையை இறக்கக்கூட இல்லை, அவன் சொன்னான்: "டேங்க்குக்குள்ள இறங்க முடியலப்பா. மூடி தெரியுது, ஏணி தெரியுது, கை நடுங்குது. கேப்டனே பார்த்துட்டு அனுப்பிட்டார்." அவன் இஞ்சின் பகுதியில் ஃபிட்டர். எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்காமல் அந்த வேலை இல்லை.

நான் என்ன சொன்னேன்? "நான் எத்தனை லிஃப்ட்டுக் குழிக்குள்ள இறங்கியிருக்கேன் தெரியுமா?" என்றேன். வாசலில் நிற்க வைத்துக்கொண்டு.

"யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்பா" என்று அவன் ஒரு தடவை சொன்னான். நான் மூன்று தடவை சொன்னேன்.

மார்ச் 8, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை வரிசை. காலை எட்டு மணிக்கு ஒவ்வொருவராக எழுத வேண்டும்: பிள்ளையிடமிருந்து கால் வந்திருந்தால் 'வந்தது', இல்லாவிட்டால் 'வரவில்லை'. எழுதாமல் இருக்கவும் முடியாது. எழுதாதவர் வீட்டுக்கு யாராவது போன் போட்டு விசாரிப்பார்கள். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்த மகாபுத்திசாலி நான்தான்.

மூன்றாவது வாரமாக எழுதினேன்: 'வந்தது. நலம்.' முதல் வாரம் பழக்கதோஷத்தில் கை தானாக எழுதிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது வாரத்துக்கு என்ன சாக்கு?

எனக்கு அடுத்து மருந்துக்கடை அம்மாவின் பெயர். அவர் மகன் அதே கப்பலில் சமையல் வேலை. ஒரே கப்பலில் பிள்ளைகள் இருந்தால் பெற்றவர்கள் 'சம்பந்தி' என்பது குழுவின் கேலி, பிறகு அதுவே உறவுமுறை ஆகிவிட்டது. யாருக்குக் கால் வந்தாலும் முதலில் சம்பந்திக்குச் சொல்லிவிட்டுத்தான் குழுவில் போட வேண்டும். அந்தக் கப்பலுக்கு நாங்கள் இரண்டே பேர்.

அவர் எழுதியிருந்தார்: 'வரவில்லை.' பிறகு எனக்குத் தனியாக: "எனக்கு மூணாவது வாரம் சம்பந்தி. உங்க பையன் பேசினா என் பையன் எப்படி இருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க."

மார்ச் 9, திங்கள்

'நல்லா இருக்கானாம்' என்று அனுப்பினேன். பின் அறைக் கதவைப் பார்த்துக்கொண்டே அனுப்பினேன்.

மார்ச் 15, ஞாயிறு

'வந்தது. நலம்.'

பத்து நிமிஷத்தில் சம்பந்தியம்மா போன் பண்ணினார். குரலே வேறு மாதிரி இருந்தது.

"கம்பெனில கேட்டேன் சம்பந்தி. கப்பல் நல்லாத்தான் போயிட்டிருக்குன்றாங்க. உங்க பையனுக்கு வாராவாரம் லைன் கிடைக்குது. ஒரே கப்பல், ஒரே நெட்டு. என் பையனுக்கு மட்டும் கிடைக்காதா?"

எழுந்து பின் அறைக் கதவை இழுத்துச் சாத்தினேன்.

"கடைசியா பேசினப்ப இன்னும் மூணு மாசம் நீட்டிக்கப் போறேன்னான். அப்படின்னா வராதே, அங்கயே கிடன்னு கத்திட்டேன். பட்டுன்னு வெச்சுட்டான். கோவம் சம்பந்தி. ஒத்தப் பிள்ளை, அம்மாவைத் தண்டிக்கிறான்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் இத்தனை நாளாக என் மானத்தைக் காப்பாற்ற ஒரு சின்னப் பொய் சொல்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பொய் அவர் வீட்டுக்குப் போய், உன் பிள்ளைக்கு நீ வேண்டாதவள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. கப்பலில் நெட் இருக்கிறது என்பதற்கு இந்த உலகத்தில் ஒரே சாட்சி நான். பொய்ச் சாட்சி.

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவும் முடியாது என்பார்கள். கொட்டியது என்னையல்ல, அந்த அம்மாளை. அப்போதும் கத்த முடியவில்லையே.

மார்ச் 17, செவ்வாய்

அடுத்த வாரம் 'வரவில்லை' என்று போட்டுவிட்டால் என்ன? சம்பந்தியம்மா மனசு கொஞ்சம் ஆறும். மனைவியிடம் கேட்டேன். சட்டையை மடித்துக்கொண்டே சொன்னாள்:

"அப்ப போன வாரம் வரைக்கும் வந்தது வந்ததுதானே? ஒரு மாசமா அவன் கூப்பிடலன்றது அப்படியேதானே இருக்கும்?"

இந்த வீட்டில் புத்தி எல்லாம் ஒரே இடத்தில் தங்கிவிட்டது.

மார்ச் 18, புதன்

மேல்வீட்டுக்காரர் வந்து நாற்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் மோட்டார் விவகாரம். "பையன் இப்ப எந்த நாட்டுப் பக்கம்?" என்றார். "தூரத்துல" என்றேன். நாற்பது நிமிஷமும் பின் அறையிலிருந்து ஒரு இருமல்கூட வரவில்லை. அவர் போனதும் கதவைத் திறந்து பார்த்தேன். கட்டிலின் ஓரத்தில், வாயைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இருபத்து நாலு வயசு.

நான் கதவைப் பூட்டவில்லை. பூட்டவில்லை என்று இதில் எழுதிக்கொள்ள வேண்டிய நிலைமைக்கு வந்துவிட்டேன்.

மார்ச் 22, ஞாயிறு

மனைவி சொன்னதையும் மீறி 'வரவில்லை' என்று எழுதினேன்.

ஒரு மணி நேரத்துக்குள் பதினோரு போன்கள். தைரியம் சாருக்கே கால் வரவில்லை என்றால் சும்மாவா? ஒருவர் கம்பெனிக்கு மனு எழுதுகிறேன் என்றார். இன்னொருவர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், "நாங்க நாலு பேர் வண்டியெடுத்துட்டோம். மதியம் உங்க வீட்டுல இருப்போம். நீங்க எத்தனை பேருக்கு ஆறுதல் சொல்லியிருக்கீங்க, உங்களைத் தனியா விடுவோமா?" என்றார்.

நாலு பேர்! வீட்டுக்கே! அவசர அவசரமாக எழுதினேன்: 'இப்போதுதான் வந்தது. நன்றாகப் பேசினான். யாரும் வர வேண்டாம்.' குழு முழுக்கக் கைதட்டல். வண்டி திரும்பிப் போனது.

சம்பந்தியம்மா ஒரே ஒரு வார்த்தை போட்டிருந்தார்: 'புரிஞ்சுது.'

ஐயோ, நான் என்ன பண்ணிட்டேன்.

மார்ச் 24, செவ்வாய்

மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தபோது சம்பந்தியம்மாவிடமிருந்து ஒரு வாய்ஸ். சட்டையெல்லாம் கிரீஸ். போனைக் காதில் வைக்காமல் மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"சம்பந்தி, இதை உங்க பையனுக்கு அனுப்பி, என் பையன்கிட்ட போட்டுக் காட்டச் சொல்லுங்க. தம்பி, அம்மா பேசறேன். நீ என்கிட்ட பேச வேண்டாம்ப்பா. இனிமே உன் போனுக்காகக் காத்திருந்து உன்னைத் தொந்தரவு பண்ண மாட்டேன். கடையை விட்டுட்டு அக்காவோட போய் இருந்துடப் போறேன். இந்த நம்பரையும் வெள்ளிக்கிழமையோட எடுத்துடறேன். நீ நல்லா இரு."

பின் அறைக் கதவு திறந்திருந்தது. மகன் நின்றுகொண்டிருந்தான்.

"அவங்களுக்கு யாருமே சொல்லலையாப்பா?"

"என்னத்தை?"

"அவங்க பையன் கோவத்துல போனை வைக்கல. அந்த நிமிஷம் கப்பல்ல நெட் பெட்டியே எரிஞ்சு போச்சு. அவன் ஹலோ ஹலோன்னு கத்திட்டிருந்தான், நான் பக்கத்துல நின்னேன். மறுநாள் காலைல நான் படகுல இறங்கறப்ப கையைப் பிடிச்சுட்டுச் சொன்னான்: அடுத்த துறைமுகத்துக்கு ரெண்டு மாசம் ஆகும், கரைக்குப் போனதும் எங்கம்மாவுக்கு ஒரு போன் போட்டு எனக்குக் கோவமில்லன்னு சொல்லிடு, வேற ஒண்ணும் வேண்டாம்னான்."

"அப்புறம் ஏன்டா நீ…"

"வந்த அன்னிக்கே கேட்டேனேப்பா. ஒருத்தங்க அம்மாவுக்குப் போன் பண்ணணும்னு. நீங்கதான், யாருக்கும் மூச்சு விடக் கூடாதுன்னு சிம்மை வாங்கி வெச்சுக்கிட்டீங்க. தினமும் கேட்கணும்னு நெனப்பேன். உங்க மூஞ்சியைப் பார்த்தா பயமா இருக்கும். கோழைப்பா நான், அதான் கேட்கல."

ஆமாம், கேட்டான். யார் அம்மா என்றுகூட நான் கேட்கவில்லை. அந்த சிம் என் சட்டைப்பையிலேயே இருந்தது. இப்போதும் இருக்கிறது.

"சிம்மைக் குடுங்கப்பா" என்றான். பிறகு பேசலாம் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். பாதிச் சாப்பாட்டில்.

மார்ச் 25, புதன்

கொடுக்கவில்லை.

நூற்று அறுபது பேர். அவர்களில் ஒரு பத்து பேராவது என் குரலைக் கேட்டுவிட்டுத்தான் தூங்கப் போகிறார்கள். என்ன சொல்வார்கள் என்பதைவிட, இனிமேல் நான் யார் என்பதுதான் பயமாக இருக்கிறது. லிஃப்ட் ரிப்பேர்க்காரன், அவ்வளவுதானே? அதுகூடப் பரவாயில்லை. பெற்ற பிள்ளையை ஒளித்து வைத்தவன்.

மனைவி என்னோடு பேசவில்லை. தட்டை வைத்துவிட்டு அவன் அறையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மார்ச் 26, வியாழன்

காலை பத்தரைக்கு, வேலை நடுவில், கருவிப் பையைக்கூட எடுக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். வீரம் ஒன்றும் பொங்கவில்லை. நாளைக்கு வெள்ளி.

சிம்மை அவன் கையில் கொடுத்தேன். போட்டான். நம்பரை அழுத்தினான். நானும் கேட்க வேண்டும் என்று அவனே ஸ்பீக்கரில் வைத்தான்.

நெட் பெட்டி, படகு, 'கோவமில்லன்னு சொல்லிடு'. எல்லாம் சொன்னான். அந்தப் பக்கம் மருந்துக்கடையில் யாரோ மாத்திரை கேட்டது காதில் விழுந்தது, அவரை நிற்கச் சொன்னார். பிறகு கேட்டார்:

"இளைச்சிருந்தானாப்பா?"

"கொஞ்சம்மா. தாடி விட்டிருந்தான்."

"தாடியா?" என்று சிரித்தார். சிரிப்பு நடுவிலேயே உடைந்துபோனது. ரொம்ப நேரம் அழுதார். இவனும் அழுதான். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நீ எப்பப்பா வந்தே?"

"பிப்ரவரி இருபது."

"அப்பா இருக்காரா?"

"இருக்கேம்மா" என்றேன்.

"அஞ்சு வாரம், சார்" என்றார். வைத்துவிட்டார்.

சம்பந்தி என்று சொல்லவில்லை. சார் என்றார்.

மார்ச் 27, வெள்ளி

குழுவில் சொல்லிவிட்டேன். வாய்ஸ் வேண்டாம் என்று எழுத்திலேயே போட்டேன், என் குரலை நம்பி ஏற்கெனவே ஏமாந்தது போதும் என்று. மகன் பிப்ரவரியிலிருந்து வீட்டில் இருக்கிறான். நான் பொய் எழுதினேன். அதனால் ஒரு தாய் தவித்தார். அட்மின் பொறுப்பை வேறு யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்.

திட்டுகள் மதியம் வரை வந்தன. எல்லாம் நியாயமான திட்டுகள். கணக்கு வாத்தியார், "அன்னிக்கு வண்டியைத் திருப்பாம வந்திருக்கணும்" என்று எழுதினார். அவர்தான் இப்போது அட்மின்.

மாலையில் தனியாக ஒரு செய்தி. இந்த மாதம் மூன்றாம் தேதி குழுவில் அழுதாரே, அவர் இல்லை; மூன்று வருஷமாகக் குழுவில் இருக்கிற, வாராவாரம் முதல் ஆளாக 'வந்தது' போடுகிற ஒருவர். "என் பொண்ணும் வீட்டுலதான் சார் இருக்கா. நாலு மாசமாச்சு. எப்படிச் சொன்னீங்க?"

எப்படிச் சொன்னேன்? தெரியவில்லை. யோசித்து எழுதுகிறேன் என்று பதில் போட்டிருக்கிறேன்.

மார்ச் 29, ஞாயிறு

வரிசையில் என் பெயர் இல்லை. எட்டு மணிக்குக் கை போனைத் தேடியது.

மகனுக்கு ஒரு மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறோம். அவனே போன் பண்ணி வாங்கினான். "அப்பா வர வேண்டாம், அம்மா போதும்" என்றான். சரி என்றேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

சம்பந்தியம்மா நம்பரை மாற்றவில்லை, கடையையும் விடவில்லை. தினமும் சாயங்காலம் என் மகனைத்தான் கூப்பிடுகிறார். அவன் வாசல் பக்கத்து பால்கனியில் நின்று பேசுகிறான். கப்பல் சமையலறை எவ்வளவு பெரிசு, அடுப்பு எப்படி இருக்கும், காற்றடித்தால் பாத்திரம் என்ன ஆகும் என்று எல்லாம் கேட்கிறாராம். மேல்வீட்டுக்காரர் தெருவிலிருந்து அண்ணாந்து, "எப்பப்பா வந்தே?" என்றபோது, "பிப்ரவரியிலயே வந்துட்டேன் சார்" என்றான். அவர் என்னைப் பார்த்தார். நான் மோட்டாரைப் பற்றிப் பேசினேன்.

இன்று காலை ஏழு பத்துக்கு அவன் போன் அடித்தது, சம்பந்தியம்மாதான். பேசிவிட்டு அடுப்படிக்குப் போய் அம்மாவிடம் சொன்னான். பிறகு என் முன்னால் வந்து நின்றான்.

"கப்பல் துறைமுகத்துக்கு வந்துருச்சாம்பா. பேசிட்டானாம். முக்கால் மணி நேரம்."

எட்டு மணிக்குக் குழுவில் பார்த்தேன். மருந்துக்கடை அம்மா: 'வந்தது. நலம்.' எங்கள் வீட்டுக்குச் சொல்லிவிட்டுத்தான் அங்கே போட்டிருக்கிறார்.

தனியாக ஒரு வரி அனுப்பினேன்: 'ரொம்ப சந்தோஷம்மா.' பார்த்துவிட்டார். பதில் இல்லை. அது போதும் என்று எழுத ஆசைதான். போதவில்லை.